சிகரமும் சாட்சியமும்
மலையேறியோர் எழுதிய வரலாறுகள் பற்றி ஓர் ஒப்பீடு

தன்வரலாறு எழுதுதல் எளிய செயலன்று. தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்ல வருபவனுக்கு மறைப்பதற்கும் மிகைப்படுத்துவதற்கும் வாய்ப்பு மிகுதி. அதிலும் மலையேறியவர் எழுதும் தன்வரலாற்றுக்குத் தனியொரு சிக்கல் உண்டு. எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் நிகழ்ந்தவற்றுக்கு ஒருவரோ இருவரோதாம் சாட்சிகள். குளிரும் மூச்சுத் திணறலும் நினைவையே தடுமாறச் செய்யும் இடம் அது. இறங்கி வந்தவர் சொல்வதைத்தான் கீழே இருப்போர் நம்ப வேண்டியுள்ளது. ஆகவே இந்நூல்களைச் சுவைத்துப் படித்தால் மட்டும் போதாது. எடை போட்டும் படித்தல் வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மாணவர்க்கு மலை என்றால் செஞ்சிதான். திண்டிவனத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையில் பாறைக் குன்றுகள் எதிர்ப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கும் ராஜகிரியின் படிகளில் ஏறி மூச்சு வாங்கி நின்ற பிள்ளைகள், இமயத்தில் ஏறியவர்கள் என்ன பாடுபட்டிருப்பர் என்று வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடையாகும் நூல்களில் எவற்றை எவ்வரிசையில் படிக்கலாம் என்பதை ஈண்டுக் காண்போம்.

மலையேற்றத்தை எழுதி வைக்கும் வழக்கம் ஐரோப்பியரோடு தொடங்கியதன்று. 1344-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலையில் ஏறி, பாறையில் பொருத்தப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றியும் மலைக்குச் செல்லும் இரு வழிகளைப் பற்றியும் தம் ரிஹ்லாவில் கூறியுள்ளார். ஆனால் அந்நூலை அவர் தம் கையால் எழுதவில்லை. நாடு திரும்பிய பின் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் இப்னு ஜுஸய் என்னும் அறிஞர். எனவே அதில் பயணியின் குரல் எது, எழுத்தாளரின் அணி எது என்று அறிஞர்கள் இன்றும் ஆய்கின்றனர். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இக்கேள்வி புதிதன்று. செய்தியைக் கேட்குமுன் ராவி யார் எனக் கேட்பது அவர்கள் வழக்கம். சொல்பவர் நேரில் கண்டவரா? அவர் சொல்லை ஏட்டில் ஏற்றியவர் யார்? உடனிருந்த மற்றவர் என்ன சொல்கின்றனர்? இம்மூன்று வினாக்களையும் மலையேறியோர் நூல்கள்மீது நாம் எழுப்பிப் பார்க்கலாம்.

முதலில் டென்சிங் நோர்கே. 1955-இல் வெளிவந்த அவர் வரலாறும் சொல்லி எழுதப்பட்டதே. எழுதப் படிக்கக் கற்றிராத அவர் கூற, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதினார். இடையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் டார்ஜிலிங் நண்பர் ரவீந்திரநாத் மித்ரா. மூவர் வழியே வந்த நூல் என்பதால் சில இடங்களில் அமெரிக்க மெருகு தெரிகிறது. ஆயினும் பேசும் உள்ளம் டென்சிங்குடையது என்பதில் ஐயமில்லை.

1953 மே 29 அன்று எவரெஸ்டின் உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்று இந்தியாவும் நேபாளமும் ஆரவாரம் செய்தபோது, இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே அடைந்ததாகக் கூட்டறிக்கை விடப்பட்டது. தம் நூலிலோ டென்சிங், ஹிலாரியே முதலில் வைத்தார், நான் அடுத்து வைத்தேன் என்று உரைத்துவிட்டார். தமக்குப் பெருமை தரும் ஐயத்தைத் தாமே தீர்த்து வைப்பவரின் சாட்சியத்தை எப்படி மறுப்பது? அதே நூலில், உச்சிக்குக் கீழிருந்த செங்குத்துப் பாறையில் தாம் ஏறியதைக் கரைக்கு இழுக்கப்பட்ட மீனோடு ஹிலாரி ஒப்பிட்டிருந்ததற்கு மறுப்பும் கூறுகிறார். கயிறு இருந்தது உண்மை, ஏறியதும் நானே என்பது அவர் நிலை. ஹிலாரி 1955-இல் எழுதிய தம் நூலில் பாறை, பனி, காற்று ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டுகிறார். தொழில்நுட்பம் அறிய விரும்புவோர்க்கு அதுவே சிறந்தது. மனிதரை அறிய விரும்புவோர்க்கு டென்சிங் நூல் சிறந்தது. 1952-இல் தம்முடன் ஏறி உச்சியை எட்டாமல் திரும்பிய சுவிஸ் நண்பர் லாம்பெர்ட்டின் சிவப்புத் துண்டை அணிந்தே அவர் சிகரம் ஏறினார். இந்த ஒரு செய்தியே அவர் உள்ளத்தைக் காட்டப் போதும்.

அடுத்து மாரிஸ் ஹெர்சாக் எழுதிய அன்னபூர்ணா. 1950 ஜூன் 3 அன்று ஹெர்சாக்கும் லூயி லாஷெனாலும் அச்சிகரத்தை அடைந்தனர். எண்ணாயிரம் மீட்டரைக் கடந்த சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதன்முறை. பனிக்கடியால் விரல்களை இழந்த ஹெர்சாக் மருத்துவமனையில் இருந்தவாறே சொல்லி எழுதுவித்த நூல் இது. படிப்பவரை உருக வைக்கும் நடை. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தலைவரைத் தவிர வேறெவரும் ஐந்தாண்டுக் காலம் எதுவும் வெளியிடக் கூடாதென்று குழுவினர் ஒப்பமிட்டிருந்தனர். கால் விரல்கள் அனைத்தையும் இழந்த லாஷெனால் 1955-இல் பனிப்பிளவில் விழுந்து மாண்டார். மறு ஆண்டு வந்த அவர் குறிப்புகள் ஹெர்சாக்கின் உடன்பிறந்தாரால் திருத்தப்பட்டவை. முழு வடிவம் 1996-இல்தான் வெளிவந்தது. தனியே விட்டால் ஹெர்சாக் திரும்பமாட்டார் என்பதற்காகவே தாம் உடன் ஏறியதாக லாஷெனால் அதில் எழுதியுள்ளார். தலைவர் பரவசம் கண்ட இடத்தில் தோழர் கடமையைக் கண்டார். ஹெர்சாக்கைப் படிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தனியே படிக்க வேண்டாம் என்றே கூறுகிறோம்.

வால்டர் பொனாட்டி 1961-இல் வெளியிட்ட நூலில் கே2 மலையைப் பற்றிய பகுதி நம் உள்ளத்தை மிகவும் வாட்டுவது. 1954 ஜூலை 30 அன்று, மறுநாள் உச்சிக்குச் செல்ல இருந்த இருவருக்காகப் பிராணவாயு உருளைகளைச் சுமந்து ஏறியவர்கள் பொனாட்டியும், ஹுன்ஸா பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுமைதூக்கும் தொழிலாளி அமீர் மஹ்தியும். சொன்ன இடத்தில் கூடாரம் இல்லை. ஏறத்தாழ 8,100 மீட்டர் உயரத்தில், கூடாரமின்றி, வெட்டவெளிப் பனியில் இருவரும் இரவைக் கழித்தனர். மஹ்தி தம் கால் விரல்களை இழந்தார். குழுத் தலைவர் தேசியோவின் அதிகாரபூர்வ வரலாறு அந்த இரவுக்கு உரிய இடம் தரவில்லை. மாறாக, பொனாட்டிமீதே பழி விழுந்தது. நீதிமன்றம் வரை சென்று போராடிய அவர் கூற்றை இத்தாலிய மலையேற்றச் சங்கம் முறையாக ஏற்க அரை நூற்றாண்டு கடந்தது. பொனாட்டிக்கு எழுதுகோல் இருந்தது. மஹ்திக்கு அதுவும் இல்லை. 1999-இல் இறந்த அவர் தம் பெயரில் நூலேதும் விட்டுச் செல்லவில்லை. சுமந்தவர் சொல் ஏட்டில் ஏறாமற் போவது மலைக்கு மட்டும் உரிய நிலையன்று.

1996 மே மாதம் எவரெஸ்டில் எண்மர் மாண்ட புயலைப் பற்றி ஜான் கிராகாவர் எழுதியதும், அதற்கு மறுமொழியாக வழிகாட்டி அனதோலி புக்ரீவ் வெளியிட்டதும் 1997-இல் வந்தவை. தம்மோடு வந்தோர்க்கு முன்னரே இறங்கிவிட்டார் என்று முன்னவர் குறை காண்கிறார். அந்த இரவிலேயே தனியே வெளியே சென்று மூவரை மீட்டேன் என்று பின்னவர் கூறுகிறார். இரண்டும் உண்மை! உண்மைகள் இரண்டாக இருப்பினும் தீர்ப்பு ஒன்றாக அமைவதில்லை என்பதைக் கற்க இவ்விணை உதவும்.

நம் நாட்டு நூல்களில் இரண்டைப் பரிந்துரைக்கிறோம். மேஜர் அலுவாலியா 1965 மே 29 அன்று எவரெஸ்டில் ஏறியவர். அதே ஆண்டில் போரில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்து நடக்க இயலாதவரானார். அவரது வரலாறு 1973-இல் வந்தது. சிகரத்தைவிட உயர்ந்தது எது என்பதற்கு அவர் பின்னர் டெல்லியில் நிறுவிய முதுகெலும்புக் காயச் சிகிச்சை மையமே விளக்கம். மற்றொன்று, 1984 மே 23 அன்று சிகரம் அடைந்த முதல் இந்தியப் பெண்மணி பச்சேந்திரி பால் எழுதியது. நள்ளிரவில் பனிச்சரிவு கூடாரத்தை மூடியபோது லோப்சாங் என்னும் தோழர் கத்தியால் வழி செய்து தம்மை மீட்டதை அவர் மறவாது குறிக்கிறார். பின்தங்கி வந்த தோழர்க்குத் தேநீர் எடுத்துக்கொண்டு தாம் கீழிறங்கிச் சென்றதையும் அலங்காரமின்றிக் கூறுகிறார். எளிய நடையுடைய இந்நூல் பள்ளி மாணவர்க்கு ஏற்றது.

ஆகவே வரிசை இது: இளையோர் பச்சேந்திரி பாலில் தொடங்குக. அடுத்து டென்சிங்கையும் ஹிலாரியையும் அருகருகே வைத்துப் படிக்க. ஹெர்சாக்கைப் படித்த கையோடு லாஷெனாலைத் தேடுக. பொனாட்டியை இறுதிக்கு வைத்துக்கொள்க. நீதி எத்துணைத் தாமதமாக வரும் என்பதைத் தாங்கும் முதிர்ச்சி அதற்கு வேண்டும்.

2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறி, அச்சிகரம் எட்டிய முதல் தமிழகப் பெண் எனும் சிறப்பைப் பெற்றார். ஏறுவோர் நம்மிடையே தோன்றிவிட்டனர். தமிழில் எழுதவும் அவர்கள் முன்வர வேண்டும். எழுதும்போது உச்சியில் நின்ற நொடியை நான்கு வரியில் முடித்து, சுமந்தவர், சமைத்தவர், கயிறு கட்டியவர் ஆகியோரின் பெயர்களை நான்கு பக்கம் எழுதட்டும். அந்த நூலை நாம் முதல் வரிசையில் வைப்போம்.