கடைக்கு வராத விளையாட்டும் கசிந்துபோகும் மின்சுமையும்

2017 செப்டம்பரில் நின்டெண்டோ நிறுவனம் 21 பழைய வீடியோ விளையாட்டுகள் அடங்கிய சிறு பெட்டி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அவற்றுள் ஒன்று அதுவரை கடைக்கே வராதது. 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' என்னும் அந்த விண்வெளிப் போர் விளையாட்டு, 1990களின் நடுவில் ஏறக்குறைய முடிந்த நிலையில் கைவிடப்பட்டது. முப்பரிமாணப் படங்களை மேலும் நன்றாகக் காட்டும் புதிய கருவிகள் அப்போது வந்துகொண்டிருந்தன.

விளையாட்டு எப்படி? படங்கள் தயங்கித் தயங்கி நகர்கின்றன. ஆடி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நாம் ஓரிடத்தில் போரிடும்போதே எதிரியின் ஏவுகணைகள் வேறொரு பக்கம் நம் கோளை நோக்கி நகர்கின்றன. எங்கே முதலில் விரைவது என்பதே ஆட்டம். 2006இல் வந்த 'ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட்' இந்த எண்ணத்தைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டது. முந்தையதைப் பார்க்காதவர்களுக்குப் பிந்தையது எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

தொலைந்த விளையாட்டை நிறுவனம் மீட்டுத் தந்ததாகப் பலர் பாராட்டினர். இதை ஏற்க முடியவில்லை. தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததைத் திறந்து கொடுப்பது மீட்பாகுமா? வெளியே கசிந்த முன்மாதிரிகளை ரசிகர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆடிவந்தனர்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அக்கால முன்மாதிரிகள் பெரும்பாலும் ஈப்ராம் என்னும் நினைவுச் சில்லுகளில் பதியப்பட்டவை. ஒவ்வொரு சில்லிலும் சிலிக்கன் டையாக்சைடு சூழ்ந்த மிக நுண்ணிய தீவுகள் பல உள்ளன. ஒரு தீவில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருந்தால் 0, இல்லாவிட்டால் 1. அவை தப்பிக்க ஏறத்தாழ 3.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 253.7 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் ஒரு ஃபோட்டானில் 4.9 எலெக்ட்ரான் வோல்ட் உண்டு. எனவே சில்லின் மேலுள்ள குவார்ட்ஸ் சன்னல் வழியே அக்கதிரைச் செலுத்திப் பதிவை அழிப்பார்கள். (ஒளிமின் விளைவைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதன்று.) சன்னலின் மேல் ஒட்டிய காகிதம் உரிந்துவிட்டால், நேர் வெயிலில் ஒரு வாரமும் குழல்விளக்கின் அடியில் சுமார் மூன்று ஆண்டுகளும் போதும். இருட்டில் வைத்தாலும் மின்சுமை மெல்லக் கசிகிறது. வெப்பம் கூடினால் இன்னும் விரைவாக.

நகல் வெளியானால் விலை குறையும் என்று அஞ்சி, சில சேகரிப்பாளர்கள் இத்தகைய முன்மாதிரிகளை யாரிடமும் காட்டுவதில்லை. கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பதாக நினைக்கிறார்கள். உள்ளேயோ விளையாட்டு கரைந்துகொண்டிருக்கிறது.

சட்டமும் துணை நிற்கவில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. வெளிவந்தவற்றின் கதியே இது. நூலகங்கள் தாம் காக்கும் பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்த விடவேண்டும் என்ற கோரிக்கையை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது.

சில்லைப் படித்து நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். படிப்பதால் பதிவு அழிவதில்லை. முன்மாதிரியும் உரியவரிடமே இருக்கும்.