மாத்தளைத் தோட்டங்களிற் பொக்கிஷ உபதேசம்

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலி உபதேசியார்களைக் கொண்டு கோப்பித் தோட்டங்களிற் சுவிசேஷம் அறிவித்தது. செலவுக்குத் தோட்டத் துரைமாரும் பொருளுதவினர். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்து வந்தோர்க்கு, பூமியிற் பொக்கிஷம் சேர்க்கலாகாதென்னும் மத்தேயு சுவிசேஷப் பகுதி என்ன பொருள் தந்திருக்கும்? கங்காணியிடம் பட்ட கடனன்றி அவர்கள் சேர்த்தது யாது?

போதனையை நாம் பழிக்கவில்லை. அம்மிஷன் பள்ளிகளும் நடத்தியது, லயத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தது அன்பின் செயலே. ஆயின் அவ்வுபதேசம் உரியவரை விட்டு ஏழைகளையே சென்றடைந்ததெனக் கருதுகின்றோம். மத்தேயு 19ஆம் அதிகாரத்தில், உள்ளதை விற்றுத் தரித்திரர்க்குக் கொடுக்கப் பணிக்கப்பட்டவன் ஆஸ்தி மிகுந்த வாலிபன். யாக்கோபின் நிருபமோ இன்னுங் கடுமையானது: அறுவடை செய்தோர்க்குக் கொடாது பிடித்த கூலியே கூக்குரலிடுகிறதென்று அது ஐசுவரியவான்களை நோக்கியே முறையிடுகின்றது. லயத்திலன்று, துரை பங்களாவிலேயே முதலில் வாசிக்கப்பட வேண்டிய பகுதி அது.