படகுக்குள் இறங்காத சங்கம்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் 65-ஏ பிரிவு அதில் இருந்தது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தமிழ்நாட்டில் தொழிற்சங்கம் இன்னும் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு இது துலக்கமான சான்று. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஆழ்கடல் படகுகளில் அந்த விவாதத்துக்கு இடமே இல்லை. அங்கே எட்டு மணி நேரமும் கிடையாது, பன்னிரண்டும் கிடையாது. மீன் கிடைக்கும்வரை வேலை; கிடைத்தபின் அதை ஐஸில் அடுக்கும்வரை வேலை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இப்படியே போகும்.

தாமிரபரணி கடலில் சேரும் இந்த முகத்துவாரத்தில் தொழிலாளிக்கு ஓய்வு தரும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. அரசின் விடுமுறைச் சட்டம் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குப் பேரவைகள் காக்கும் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. இவற்றைப் பெற்றுத்தந்ததும் காவல் காக்க வேண்டியதுமான சங்க இயக்கம் இருக்கிறது. இவற்றை ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓய்வு நாளில் வீட்டில் உலை கொதிக்குமா, அந்த ஓய்வு முதலாளியையும் தொழிலாளியையும் ஒன்றுபோலக் கட்டுமா, உரிமை மறுக்கப்பட்டால் கையில் காட்ட ஒரு தாள் உண்டா என்பவையே என் அளவுகோல்.

1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம் வடிவத்தில் குறை சொல்ல முடியாதது. குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தருகிறது. இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களை ஆய்வாளர் இரு தரப்பையும் கலந்து குறிக்க வேண்டும் என்கிறது. விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை. மே தினம் இந்தப் பட்டியலில் இருப்பது இந்தக் கரைக்குத் தனிப் பொருள் உடையது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியவர் மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர். ஆனால் இந்தச் சட்டம் இரண்டு தூண்களின்மேல் நிற்கிறது: நிறுவனம், கூலி. படகு நிறுவனமாக எண்ணப்படுவதில்லை. படகில் கிடைப்பது கூலியாகவும் எண்ணப்படுவதில்லை, அது பங்கு. ஆகவே துறைமுகத்தில் ஐஸ் ஆலையில் வேலை செய்பவருக்கு மே தினம் சட்டப்படியான விடுமுறை. அந்த ஐஸை ஏற்றிக்கொண்டு போகும் படகில் இருப்பவருக்கு அது இன்னொரு நாள். சட்டத்தின் செறிவு எவ்வளவோ, அவ்வளவுக்கு அதன் எல்லை குறுகல்.

ஞாயிற்றுக்கிழமையோ எழுதாத சட்டம். முள்ளூர்துறை, இராமன்துறை, இனையம் என்று நீளும் கத்தோலிக்கக் கரையூர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. ஊர்த் திருவிழா, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி ஆகியவற்றுக்கும் அதே கட்டுப்பாடு. மீறினால் ஊர்க் கமிட்டி கேட்கும். தொழிலாளர் நலத்துறை ஒரு ஆய்வாளரைக்கூட அனுப்பாத இடத்தில் இது தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. காரணத்தை வெறும் பக்தியில் தேடினால் பாதிதான் கிடைக்கும். கடல் பொதுச்சொத்து, நான் ஓய்ந்திருக்கும்போது நீ போனால் என் மீன் உன் வலைக்குள் போய்விடும். எல்லாரும் ஒன்றாக நின்றால் மட்டுமே யாரும் நிற்க முடியும். வள்ளத்துக்குச் சொந்தக்காரனும் துடுப்பு பிடிப்பவனும் ஒரே பூசையில் நிற்பதால் இருவரையும் ஒரே விதி கட்டுகிறது. முறைமையின் தெளிவில் இந்த நான்கில் முதலிடம் இதற்கே.

குறையும் சிறிதல்ல. இது கரையோர வள்ளத்துக்குப் பொருந்தும். இலட்சத்தீவுக்கும் அப்பால், குஜராத் கரைவரை போகும் தூத்தூர் பகுதிப் படகுக்குப் பொருந்தாது. அங்கே ஞாயிறு வந்தாலும் கரை வராது. வட மாநிலங்களிலிருந்து வந்து படகேறும் இளைஞருக்கு இந்த ஊர்க் கூட்டத்தில் குரல் இல்லை. தலைச்சுமையாக மீன் எடுத்துக் கருங்கல், மார்த்தாண்டம் சந்தைகளுக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறு ஓய்வு என்றால் திங்கள் வருமானமும் இல்லை. அந்த இழப்பை ஊர்க் கமிட்டி கணக்கில் எடுத்ததில்லை. கொண்டாடும் ஒற்றுமைக்குள்ளேயே அது பேசாமல் விட்ட பகுதி இது.

அடுத்தது தடைக்காலம். இதைத்தான் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கரையின் தொழிலாளர் வரலாறு முழுதும் இதற்குள் இருக்கிறது.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வடக்கே சில மைல் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தால் அது 52 நாள். இப்படி ஒரு தடை வானத்திலிருந்து விழவில்லை. இழுவைமடிப் படகுகள் கரையோர மீனை வழித்துக்கொண்டு போனதை எதிர்த்து 1980-களில் கேரள சுதந்திர மத்ஸ்யத் தொழிலாளி ஃபெடரேஷன் போன்ற அமைப்புகள் சாலையிலும் உண்ணாவிரதப் பந்தலிலும் கிடந்தன. 1988-இல் கேரளத்தில் முதல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. படகு முதலாளிகள் தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தில் தடை நிலைத்தது. தமிழகம் 2001-இல் 45 நாள் தடையைக் கொண்டுவந்து, 2017-இல் 61 நாளாக்கியது. சங்கம் கேட்டு, அரசு ஏற்று, நீதிமன்றம் காத்த ஓய்வு இது. இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் அசல் சாதனைகளில் இதற்கு இடம் உண்டு. தொழிலாளர் தம் உடலுக்கு மட்டும் ஓய்வு கேட்காமல், தாம் வேலை செய்யும் இயற்கைக்கும் ஓய்வு கேட்ட போராட்டங்கள் உலகிலேயே குறைவு.

அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்று பார்க்கும்போது சாதனை கலங்கத் தொடங்குகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் 61 நாளுக்கு 8,000 என்றால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் வரும் 4,500 ரூபாயில் 1,500 மீனவர் தாமே கட்டியது. தொகையைவிடக் கணக்கின் வடிவமே எனக்கு உறுத்துகிறது. படகு வைத்திருப்பவர் குடும்பத்துக்கும் படகில் ஏறுபவர் குடும்பத்துக்கும் ஒரே தொகை. முன்னவருக்குத் தடைக்காலம் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றவும் இயந்திரம் பார்க்கவும் கிடைக்கும் காலம். பின்னவருக்கு அது முன்பணம் வாங்கும் காலம். ஆகஸ்டில் படகேறும்போது அவர் கடனோடு ஏறுகிறார். தம் ஆட்களின் ஓய்வுக்காகப் படகு உரிமையாளர் ஒரு ரூபாயும் தர வேண்டும் என்று இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. கேரளத்தின் 1985-ஆம் ஆண்டு மீனவர் நலநிதிச் சட்டம் படகு உரிமையாளரிடமும் மீன் வணிகரிடமும் பங்களிப்பு கேட்கிறது. அந்தச் சட்டத்தில் முதலாளி என்றொருவர் கண்ணுக்குத் தெரிகிறார். இங்கே அரசும் பயனாளியும் மட்டுமே உண்டு. இடையில் இருப்பவர் மறைந்துவிடுகிறார்.

அவரை மறைப்பது பங்கு முறை. கணக்கை ஒரு உதாரணத்தில் விரித்துப் பார்க்கலாம். ஒரு தங்குகடல் பயணத்தில் பத்து லட்சத்துக்கு மீன் ஏலம் போகிறது என்று கொள்வோம். டீசல், ஐஸ், இரை, ரேஷன், தரகு என்று ஆறு லட்சம் முதலில் கழிகிறது. மிஞ்சிய நான்கில் பாதி படகுக்கு, பாதி பத்துப் பேருக்கு. ஆளுக்கு இருபதாயிரம். பங்கு விகிதம் ஊருக்கு ஊர் மாறும், அமைப்பு மாறாது. ஏலம் ஆறு லட்சத்தில் நின்றால், ஒரு மாதம் உப்புக்காற்றில் கிடந்தவன் வெறுங்கையோடு இறங்குவான். ஏலம் உயர்ந்தால் அவன் பங்கும் உயரும் என்பது இம்முறையின் உண்மையான மேன்மை. நிலத்துக் கூலிக்காரனுக்கு இல்லாத ஒரு தலைநிமிர்வு படகுக்காரனிடம் இருப்பதற்கு அதுவும் காரணம். ஆனால் டீசல் எங்கே, என்ன விலைக்கு வாங்கப்பட்டது, தரகருக்கும் உரிமையாளருக்கும் இடையே என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்க அவனுக்கு வழியில்லை. நட்டத்தில் பங்காளி, கணக்கில் அந்நியன். தோப்பில் முகமது மீரானின் நாவல்களில் இந்த ஊரின் முதலாளி கண்முன் நின்றார், அவரை வெறுக்கவாவது முடிந்தது. பங்கு முறையின் முதலாளி அண்ணனாகவோ மச்சானாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கிறார்.

இனி சங்கம். தேசிய மீன்தொழிலாளர் பேரவை அருட்தந்தை தாமஸ் கோச்சேரியின் தலைமையில் 1989-இல் நடத்திய கன்னியாகுமரிப் பயணம் இந்த மாவட்டத்தின் நினைவில் ஆழப் பதிந்தது. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்ற முழக்கத்தோடு கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலுமாகப் புறப்பட்டவர்கள் மே 1 அன்று குமரிமுனையில் கூடினார்கள். கூட்டம் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. 1990-களில் அந்நியக் கூட்டு ஆழ்கடல் கப்பல்களுக்கு எதிராக நாடு தழுவிய வேலைநிறுத்தங்களைச் செய்து, அதை ஆராயும் முராரி குழுவை அமைக்க வைத்து, உரிமங்களைத் தடுத்ததும் இந்த இயக்கமே. தொலைநோக்கிலும் துணிவிலும் அன்றைய தமிழக ஆலைச் சங்கங்கள் எதற்கும் இது இளைத்ததில்லை.

ஆனால் அந்தப் போராட்டங்கள் எல்லாவற்றிலும் எதிரி வெளியே இருந்தான்: இழுவைப்படகு, அந்நியக் கப்பல், ஆலைக்கழிவு. வள்ளக்காரனும் கூலியாளும் ஒரே கொடியின்கீழ் நிற்க அது தேவையாக இருந்தது, அன்று சரியாகவும் இருந்தது. பத்துப் பேர் கூடி ஒரு கட்டுமரத்தையோ வள்ளத்தையோ ஓட்டிய காலத்தில் முதலாளி-தொழிலாளி இடைவெளி சிறிது. இன்று பெருமுதல் கேட்கும் படகுகள் தேங்காய்ப்பட்டணத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. இயக்கத்தின் மொழி மட்டும் வள்ளத்தின் காலத்திலேயே நின்றுவிட்டது. துறைமுக வாயிலில் மணல் குவிந்து படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனபோது ஊரும் சங்கங்களும் சேர்ந்து போராடின. அலைதடுப்புச் சுவரை நீட்டக் கேட்டன. அதே கூட்டங்களில் படகுக்குள் ஓய்வு நேரம் எவ்வளவு, பங்குக் கணக்கை யார் பார்க்கலாம் என்ற கோரிக்கைகளுக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. கடலைக் காத்த சங்கம் படகின் மேல்தளத்தில் கால் வைக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இதன் விலை 2017-இல் தெரிந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மீன்பிடித் தொழில் உடன்படிக்கை, எண் 188, அந்த ஆண்டு நவம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரமும் ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு, எழுத்தில் ஒப்பந்தம், ஆள் பட்டியலின் ஒரு படி கரையில் என்பவை அதன் விதிகளில் சில. இந்தியா அதை ஏற்கவில்லை. இரண்டே வாரத்தில் ஒக்கிப் புயல் வந்தது. கடலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் எண்ணும் ஊரின் எண்ணும் நாட்கணக்கில் ஒத்துப்போகவில்லை. வீடு வீடாகப் பெயர் சேர்த்துப் பட்டியல் போட்டவை பங்குப் பேரவைகள். எந்தப் படகில் யார் போனார் என்று எழுதி வைத்திருக்க வேண்டிய உரிமையாளரிடம் அந்தப் பொறுப்பை யாரும் அதற்கு முன் கேட்டிருக்கவில்லை.

பங்குக்குப் போகிறவர் தொழிலாளி அல்லர், கூட்டாளி; அவருக்கு ஒப்பந்தம் எழுதுவது உறவைக் கெடுக்கும் என்பது உரிமையாளர் தரப்பின் வாதம். இதை நேர்மையான வாதமாகவே எடுத்துக்கொள்கிறேன். சிறு படகு வைத்துக் கடனில் தத்தளிக்கும் உரிமையாளர்களும் உண்டு. ஆயினும் அந்த உடன்படிக்கை பங்கு முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்பதை எழுதச் சொல்கிறது. கூட்டாளி என்ற சொல் உண்மையானால் இதற்கு எதிர்ப்பே எழக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பில் விடுமுறைச் சட்டம் நன்றாக எழுதப்பட்டு இங்கே பயனற்றுக் கிடக்கிறது. ஞாயிறு சிறந்த விதி, எட்டுவது கரைவரை. தடைக்காலம் கடலுக்கு நியாயம் செய்து ஆளுக்கு அரைநியாயம் செய்கிறது. சங்க இயக்கம் இவை மூன்றையும்விடப் பெரிது. அதனாலேயே அதன் விடுபடல் மூன்றின் குறைகளையும்விடக் கனமானது. அதைச் சரிசெய்யத் தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலைக் கடைசியில் தடை முடியும் வாரத்தில் ஒவ்வொரு படகும் ஆள் தேடுகிறது; கைதேர்ந்த தூண்டில்காரருக்கு ஆண்டிலேயே பேரம் பேசும் வலு மிகுந்த வாரம் அது. ஆள் பட்டியல், பங்குக் கணக்கு, ஓய்வு நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்தில்லாமல் படகேறுவதில்லை என்று அந்த வாரத்தில் ஊர்கள் சேர்ந்து நிற்கலாம். ஞாயிறன்று ஒருவர் விடாமல் நிற்கப் பழகிய ஊர்கள் அவை.