வேங்கை மரமும் ஒட்டுமீசையும்

கே.ஜி.கண்டிகைப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு வேடம் போட்டுக் காதலிக்கிற கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே திருத்தணி மலை. வள்ளியை மணந்த முருகன் அங்கேதான் குடியிருக்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு முன் அவன் போட்ட வேடங்கள் எத்தனை! முதலில் வேடன். வள்ளியின் அப்பா நம்பிராஜன் வந்ததும் வேங்கை மரம். அவர் தலை மறைந்ததும் தடியூன்றிய கிழவன். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் கிழவன் தினைமாவைத் தின்று விக்கி, தண்ணீருக்குத் தவிக்கும் இடத்தில் சிரிக்காத கூட்டம் கிடையாது.

அந்தப் பழக்கத்தோடு போய் உட்கார்ந்தால் மொஸார்ட்டின் 'கோசி ஃபான் டுட்டே' அந்நியமாகத் தெரியாது. 1790 ஜனவரி 26-இல் வியன்னாவில் அரங்கேறிய நகைச்சுவை ஓப்பரா அது. கிழட்டுத் தத்துவவாதி டான் அல்ஃபோன்சோ இரண்டு இளைஞர்களிடம் பந்தயம் கட்டுகிறார்: “ஒரே நாளில் உங்கள் காதலிகளின் மனம் மாறும்.” இருவரும் போருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒட்டுமீசையோடு அல்பேனியர்களாகத் திரும்பி வந்து, ஒருவன் மற்றவனுடைய காதலியைச் சுற்றுகிறான்.

இதைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு மாற்றிப் போட்டால் எங்கே கிழியும் என்று பார்த்தேன். எங்குமே கிழியவில்லை. நாடகத்தின் துணைத் தலைப்பே 'காதலர் பள்ளி'தான். தத்துவவாதிக்குப் பேராசிரியர் நாற்காலி அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. அவருடைய பந்தயம் ஆய்வுக்கூடப் பரிசோதனை ஆகிவிடுகிறது. போர்முனைக்குப் பதில் என்.சி.சி. முகாம். காதலிகளில் ஒருத்தியான டொராபெல்லா தன் காதலன் படத்தை லாக்கெட்டில் வைத்திருக்கிறாள், புதியவன் அதைக் கழற்றி வாங்கிக்கொள்கிறான். நம் விடுதி அறையில் அது கைபேசி முகப்புப் படம் மாறும் கணம். இன்னொரு வேடிக்கை: இந்த நாடகத்துக்குப் பாட்டும் வசனமும் எழுதிய லொரென்ஸோ டா பொன்டே, பிற்காலத்தில் நியூயார்க் போய், 1825-இல் கொலம்பியா கல்லூரியில் இத்தாலிய மொழிப் பேராசிரியர் ஆனார்!

நுணுக்கங்களில்தான் சுவை. காதலிகள் மசியவில்லை என்றதும் வேடதாரிகள் விஷம் குடித்ததாக நடித்து விழுகிறார்கள். கிழவனின் விக்கலும் இதுவும் ஒரே தந்திரம். காதலுக்கு இரங்காத நெஞ்சம் துன்பத்துக்கு இரங்கிவிடும் என்பது இரண்டு கதாசிரியர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே வள்ளி சுனைத் தண்ணீர் கொடுக்கிறாள். இங்கே வேலைக்காரி டெஸ்பினா டாக்டர் வேடத்தில் வந்து பெரிய காந்தத்தால் விஷத்தை இழுக்கிறாள். காந்த சிகிச்சையால் ஊரைக் கலக்கிய மெஸ்மர், மொஸார்ட் குடும்பத்துக்கு அறிமுகமானவர். கிண்டல் அவரைப் பார்த்துத்தான். காந்தம் நகர நகரக் குழல் கருவிகள் சுரத்தை நடுங்க நடுங்க ஊதுகின்றன. உடம்பில் இருந்து விஷம் இறங்கும் சத்தம் காதில் கேட்கிறது! அதே டெஸ்பினா பின்னால் கல்யாணப் பத்திரம் எழுதும் வக்கீலாக வந்து மூக்காலேயே பாடுகிறாள். நம் நாடகத்துப் பபூன் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வான்.

போருக்குப் போவதாகப் பொய் சொன்னவர்களின் படகு நகர்ந்ததும், இரு பெண்களும் அல்ஃபோன்சோவும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று உண்டு. காற்று மெல்ல வீசட்டும், அலை அடங்கட்டும் என்ற வாழ்த்து. வயலின்கள் ஒலியடக்கி மாட்டிக்கொண்டு அலை போல ஓடுகின்றன. பெண்களின் கண்ணீர் நிஜம். கிழவர் பாடுவது பொய். ஆனால் மூன்று குரலும் ஒரே மாதிரி உருகுகின்றன. 'ஆசை' என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் எதிர்பாராத ஒரு சுரக்கூட்டு, தெளிந்த தண்ணீரில் மீன் புரண்டது போல. நடக்கப் போவதைப் பாத்திரங்களுக்கு முன்பே வாத்தியங்கள் அறிந்துவிட்டன.

அதைவிட ஆழமான குறும்பு குரல்களில் இருக்கிறது. தொடக்கத்தில், உச்சக்குரல் பாடும் இன்னொரு காதலி ஃபியோர்டிலீஜியின் ஆள் கனத்த குரல்காரன். மெல்லிய உச்சக்குரல் கொண்ட ஃபெர்ராண்டோவோ அவள் தங்கை டொராபெல்லாவின் ஆள். ஓப்பரா வழக்கப்படி நாயகியின் உச்சக்குரலுக்கு இணை, நாயகனின் உச்சக்குரல். ஆள் மாறிய பிறகுதான் அந்த ஜோடி சேருகிறது. ஏமாற்றில் பிறந்த ஜோடிக்குத்தான் சுருதி சேருகிறது!

வள்ளி கதையில் இந்தச் சங்கடம் இல்லை. வேடன், மரம், கிழவன் மூவரும் ஒருவனே. கதையில் குறுக்கே வரும் யானைக்குப் பயந்து அவள் யாரைப் பற்றிக்கொண்டாலும் வேலனைத்தான் பற்றுகிறாள். ஒட்டுமீசைக்குள் இருப்பவனோ வேறு ஆள். கடைசியில் மீசைகள் கழற்றப்பட்டு, எல்லாரும் சமாதானமாகச் சேர்ந்து பாடுகிறார்கள். பேராசிரியர் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். எனக்கு மட்டும் மனம் அதற்கு முன்பே ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

ஃபியோர்டிலீஜி கடைசிவரை போராடிவிட்டு, 'என்னவோ செய்துகொள்' என்கிற மாதிரி தளரும் கணம் அது. அவள் குரல் அடங்கும் அந்த இடத்தில் மொஸார்ட் பாட விடுவது ஓபோவை. சீவாளி வைத்து ஊதும் கருவி, நம் நாகசுரத்துக்குத் தூரத்து உறவு. வக்கீல் பத்திரத்தோடு வந்து சேர்வதற்கு வெகு முன்பே, கெட்டிமேளம் முழங்காமலே, அந்த ஒற்றைக் குழல் கல்யாணத்தை முடித்து வைத்துவிடுகிறது.