பட்டமும் மலகாவும்: அரபிப் பட்டப்படிப்பின் விளைவு அட்டவணைகள் குறித்துச் சில சிந்தனைகள்

இருபதாண்டுகளுக்கு முன் அரபி இளங்கலைப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் இன்று அதைப் பார்த்தால் அடையாளம் காணமாட்டார்கள். அன்று ஒரு தாளுக்குக் கிதாபின் பெயர், எந்தப் பாபிலிருந்து எந்தப் பாபு வரை, மதிப்பெண் எத்தனை என்ற மூன்று செய்திகளோடு அரைப் பக்கத்தில் காரியம் முடிந்துவிடும். இன்று ஒரு தாளுக்கு மூன்று பக்கங்கள். முதலில் பாட நோக்கங்கள், பின் அலகுகள், பின் ‘இப்பாடத்தைக் கற்று முடித்த மாணவர் இன்னின்ன செய்ய வல்லவராவார்’ என்று ஐந்து விளைவுகள், ஒவ்வொரு விளைவின் அருகிலும் கே ஒன்று முதல் கே ஆறு வரை ஏதேனும் ஒரு குறியீடு, இறுதியில், அந்த ஐந்து விளைவுகளும் பட்டப்படிப்பின் பொது நோக்கங்களோடு எந்த அளவு பொருந்துகின்றன என்பதை 3, 2, 1 என்ற எண்களால் காட்டும் கட்டங்கள். 3 என்றால் வலுவான பொருத்தம், 1 என்றால் மெலிந்த பொருத்தம்.

இது எங்கிருந்து வந்தது என்பது அறியப்பட்டதே. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு முதல் கற்றல் விளைவுகளை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டச் சட்டகத்தை வலியுறுத்தி வருகிறது. ‘நாக்’ தரமதிப்பீட்டில் மாணவர் அடைவும் கற்றல் விளைவும் தனியொரு மதிப்பீட்டுக் கூறாக வைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டங்களும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. பொறியியற் கல்லூரிகளுக்கு இது முன்பே பழகிய ஒன்று. கலைப் பாடங்களுக்கு, அதிலும் அரபிக்கு, புதிது.

நம்மவரிடையே இதற்கு இருவகை எதிர்வினைகள் உள்ளன. ‘இல்மை அட்டவணையில் அடைப்பதா?’ என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு சாரார். கட்டங்களை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வழமைபோல் தர்ஸை நடத்துபவர்கள் மறு சாரார். இரண்டாமவரே பெரும்பான்மை. இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது நம் கருத்து. அட்டவணை கேட்கும் கேள்வி என்ன என்பதை இருவருமே நின்று கேட்பதில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுவோம். புழல் காவாங்கரைப் பக்கம் கனரக வாகனம் ஓட்டும் ஒருவர், தம்மாமில் வேலைக்குச் செல்லும் முன் தமக்குக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நம் மாணவர் ஒருவரிடம் வந்தார். ‘பாய், அரபி படிக்கிறவர்தானே, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்’ என்றார். அந்த மாணவர் மொழிபெயர்ப்புத் தாளில் எண்பதுக்கு மேல் வாங்கியவர். கஅபு இப்னு ஸுஹைருடைய கஸீதாவைப் பிழையின்றி ஓதி, ஒவ்வொரு சொல்லுக்கும் இஃராபு சொல்லக் கூடியவர். ஒப்பந்தத்தில் ‘இஜாஸா ஸனவிய்யா’ என்று வந்த இடத்தில், ‘ஆண்டுதோறும் உங்களுக்குச் சான்றிதழ் ஒன்று தருவார்கள்’ என்று விளக்கம் சொல்லிவிட்டார். இஜாஸா என்றால் ஸனது என்பது அவர் மத்ரஸாவில் அறிந்த பொருள். ஆண்டு விடுப்பு என்பது அவர் எங்குமே பார்த்திராத பொருள். பணி முடிவு உதவித்தொகை பற்றிய பத்தியை அவர் தொடவே இல்லை. பின்னர் நம்மிடம் வந்து, ‘ஹஜ்ரத், எழுத்தெல்லாம் தெரிகிறது, விஷயம் பிடிபடவில்லை’ என்றார். அவருடைய நேர்மையை நாம் மெச்சினோம்; நம்மைக் குறித்து வெட்கப்பட்டோம்.

இது வெறும் வேடிக்கையன்று. சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 9ஆவது பிரிவு, ஒப்பந்தங்களும் பதிவேடுகளும் அரபியில் இருக்க வேண்டும் என்கிறது. உடன் வேற்றுமொழி வாசகம் இருந்தாலும் அரபி வாசகமே செல்லும் என்றும் கூறுகிறது. ஆக, அந்த ஓட்டுநரின் கூலியும் விடுப்பும் கணக்குத் தீர்வும் அவர் படிக்க இயலாத பத்திகளில் இருந்தன. அவற்றைப் படித்துச் சொல்லக்கூடியவர் என்று ஊரார் நம்பியது நம் மாணவரை.

அந்த மொழிபெயர்ப்புத் தாளின் பாடத்திட்டத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தோம். ‘அன்றாட மற்றும் தொழில்சார் அரபி ஆவணங்களைப் புரிந்து மொழிபெயர்ப்பார்’ என்பது அதன் நான்காம் விளைவு. கட்டத்தில் 3. அடைவு விகிதம் நிறைவானது என்று அறிக்கை. இவை எல்லாம் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

விடை வினாத்தாளில் இருக்கிறது. மொழிபெயர்க்கக் கொடுக்கப்பட்ட பத்திகள் அனைத்தும் பாடநூலில் உள்ளவை. மாணவர்கள் அவற்றின் மொழிபெயர்ப்பை முன்பே மனனம் செய்தவர்கள். அடைவு விகிதம் கணக்கிடப்படுவதும் இதே தேர்வின் மதிப்பெண்களிலிருந்துதான். இத்தனை சதவீதத்தினர் இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் பெற்றால் விளைவு அடையப்பட்டது என்பது கணக்கு. தேர்வு அளந்தது நினைவாற்றலை. அறிக்கை சொல்வது மொழிபெயர்ப்பாற்றலை. தராசில் உப்பை வைத்துவிட்டுச் சர்க்கரை என்று சீட்டு எழுதுவது போன்றது இது. செங்குன்றத்து அரிசி மண்டிகளில் கூட மூட்டையைக் குத்தி அரிசியைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.

கே ஒன்று முதல் ஆறு வரையிலான குறியீடுகளின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. பெஞ்சமின் புளூம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பணியில் இருந்தவர். பல கல்லூரிகளின் தேர்வாளர்கள் தம்முள் வினாக்களைப் பரிமாறிக்கொள்வதற்கு ஒரு பொதுவான வகைப்பாடு வேண்டும் என்று 1948இல் எழுந்த பேச்சிலிருந்து 1956இல் அவருடைய நூல் வந்தது. 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தியமைத்தனர். 1950களின் இறுதியில் புளூம் இந்தியாவுக்கே வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகள் நடத்திச் சென்றார். அதற்கும் முன்பே, 1948-49இன் இராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் சொல்லச் சொன்னால் தேர்வைத்தான் சொல்வோம் என்ற கருத்தை வெளியிட்டிருந்தது. ஆக, வினாத்தாளுக்காகப் பிறந்த கருவி இது. நாம் அதை எடுத்து வினாத்தாளை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தின் முகவுரையில் பதித்துவிட்டோம்.

வினாத்தாளில் பதித்த இடத்திலும் ஒரு மயக்கம் நேர்கிறது. ‘ஆய்க’ என்று வினா முடிந்தால் கே நான்கு, ‘மதிப்பிடுக’ என்றால் கே ஐந்து என்று வினைச்சொல்லைப் பார்த்துக் குறியீடு இடுகிறார்கள். ஒரு வினாவின் ஆழம் அதன் வினைச்சொல்லில் இல்லை. மாணவர் அதற்கு முன் எதைப் பார்த்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. முதனப்பியின் ஒரு கஸீதாவை ஆய்க என்று கேட்டு, அந்த ஆய்வு கடையில் விற்கும் வழிகாட்டி நூலில் ஐந்து பக்கமாக இருந்தால், அது கே ஒன்றே. மாணவர் பார்த்திராத ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்து, ‘ஒரு நாளைக்கு எத்தனை முறை?’ என்று கேட்டால், வினா எளிதாகத் தோன்றினும் அங்கே புரிதலும் பயன்பாடும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன.

இணைப்புக் கல்லூரிகளின் நிலை இன்னும் சிக்கலானது. விளைவுகளை எழுதுவது பாடத்திட்டக் குழு, நடத்துவது ஆசிரியர், வினா எடுப்பவர் வேறொருவர், திருத்துபவர் நான்காமவர். நால்வரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. ஜான் பிக்ஸ் 1996இல் விளக்கிய இசைவுக் கோட்பாட்டின் சாரம், நோக்கமும் கற்பித்தலும் தேர்வும் ஒரே திசையில் இழுக்க வேண்டும் என்பதே. நான்கு மாடுகளை நான்கு திசையில் பூட்டிவிட்டு வண்டியில் ‘இசைவு’ என்று எழுதி ஒட்டினால் வண்டி நகராது.

இவ்வளவும் பல்கலைக்கழகத்தின் மீது சொன்னோம். நம் மத்ரஸாக்களின் பக்கமும் திரும்ப வேண்டும், அது நியாயம். நம் முன்னோர்க்கு இந்தக் கேள்வி புதிதன்று. இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய முகத்திமாவில் கல்வியின் பயனை ‘மலகா’ என்ற சொல்லால் குறிக்கிறார். உள்ளத்தில் வேரூன்றிய திறன், வேண்டும்போது கைகொடுக்கும் ஆற்றல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மனனம் வேறு, மலகா வேறு என்பதில் அவர் உறுதியாக நிற்கிறார். மக்ரிபில் மாணவர்களின் மத்ரஸா வாழ்வு பதினாறு ஆண்டுகள், துனிஸில் ஐந்து ஆண்டுகள் என்று ஒப்பிட்டு, மக்ரிபில் காலம் நீண்டதற்குக் காரணம் கற்பித்தலின் குறையே என்று கூறுகிறார். அவையில் வாய் திறவாமல் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து மனனத்தில் மட்டும் கவனம் செலுத்தியவர்கள், விவாதிக்கவோ கற்பிக்கவோ நேரும்போது கையற்று நிற்பதை அவர் காட்டுகிறார். மலகாவுக்கு எளிய வழி உரையாடலும் வாதமும்தாம் என்பது அவர் முடிவு. சுருக்க நூல்கள் கல்விக்குக் கேடு என்பதற்கும் தனியே ஒரு பிரிவு ஒதுக்கியுள்ளார்.

அந்த மக்ரிபு மாணவர் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கிறார். இப்னுல் ஹாஜிபுடைய காஃபியாவை வரிவரியாகப் படித்து முடித்தவருக்கு அரபியில் நான்கு வாக்கியம் தொடர்ந்து எழுத வரவில்லை என்றால், கட்டங்கள் இல்லாத நம் பழைய முறையும் அதே இடத்தில்தான் இடறியிருக்கிறது. நத்வத்துல் உலமா இயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இக்குறையைப் பேசியது. ஏழாண்டு ஆலிம் படிப்போடு அஃப்ஸலுல் உலமா தேர்வையும் எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். இரு சான்றுகளிலும் மொழிபெயர்ப்பு என்ற சொல் இருந்தது. பார்த்திராத பத்தி ஒன்றை நம்மிடம் எவரும் நீட்டவில்லை.

நம் மரபில் நுட்பமான மதிப்பீடும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஹதீஸ் ஏடுகளின் ஓரங்களில் காணப்படும் ஸமாஃ குறிப்புகளைப் பாருங்கள். இன்ன உஸ்தாதிடம், இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் இந்தக் கிதாபை முழுமையாகக் கேட்டார். இன்னார் இந்த இடம் முதல் இந்த இடம் வரை வரவில்லை. இன்னார் இடையில் உறங்கிவிட்டார் என்று கூட எழுதி வைத்தார்கள். சான்று சிறியது, ஆனால் அது எதற்குச் சான்று என்பதில் ஐயமே இல்லை. இன்றைய மதிப்பெண் பட்டியல் பெரியது. எதற்குச் சான்று என்று கேட்டால் சொல்வாரில்லை.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. வாணியம்பாடியில் 1933இல் பிறந்து, 1969 முதல் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 2023இல் மறைந்த டாக்டர் வ. அப்துர் ரஹீம் (ரஹ்) எழுதிய ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ உலகெங்கும் அரபியரல்லாதார் கையில் இருக்கிறது. அதன் முதற் பாடம் ‘இது’ என்ற ஒரு சொல்லைக் கற்பிக்கிறது, அடுத்தது ‘அது’. முதற் பாகத்தில் இலக்கணப் பெயர்களின் சுமை இல்லை. பாடம் எதைக் கற்பித்ததோ அதையே பயிற்சி புதிய வாக்கியங்களில் கேட்கிறது. படித்த வாக்கியத்தை ஒப்பிக்கச் சொல்வதில்லை. விளைவு அட்டவணை எதுவும் அந்நூலில் கிடையாது. எனினும் நோக்கம், பாடம், சோதனை மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை. பாடத்திட்டக் குழுவில் அமர்பவர்கள் கட்டங்களை நிரப்பும் முன் அதன் முதல் பத்துப் பாடங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

கட்டங்களில் நமக்கு வருத்தமும் நகைப்பும் ஒருங்கே தரும் ஒரு பத்தி உண்டு. பட்டப்படிப்பின் பொது நோக்கங்களுள் ‘அறநெறி விழுமியங்கள்’ என்பது ஒன்று. ஸர்ஃப் தாளுக்கும் அதில் 3 இட்டிருக்கிறார்கள். ஃபஅல, யஃப்உலு என்று வாய்ப்பாடு சொல்வதால் ஒருவரின் அறம் எவ்வாறு வலுவாகிறது என்று கேட்டால், ‘கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும்’ என்பதே கிடைத்த விடை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் மாணவருக்கு எழுதிய ‘அய்யுஹல் வலத்’ என்ற சிறுநூலில் அமலற்ற இல்மைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறார்! அந்தக் கவலையைப் பாடமாக நடத்துவது நம் கடமை. அதற்கு எண் இடுவது நம் வேலையன்று. நிய்யத்தைப் பதிவு செய்யும் மலக்குகள் வேறு இருக்கிறார்கள்; கல்லூரி அலுவலகம் அப்பணியை ஏற்க வேண்டியதில்லை. அளக்க முடிந்ததை நேர்மையாக அளப்பதும், அளக்க முடியாததை அளந்ததாகச் சொல்லாதிருப்பதும் அமானத்தைச் சேர்ந்தவை.

அளக்க முடிந்ததைப் பொறுத்தவரை, ஆசிரியர் கையில் இருப்பது அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் இருபத்தைந்து. எழுபத்தைந்து பிறர் கையில். அந்த இருபத்தைந்தை வருகைப் பதிவுக்கும், ஒருவர் எழுதி முப்பது பேர் பார்த்தெழுதும் ஒப்படைப்புக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே வழக்கம். கடந்த பருவத்தில் நாம் வேறு விதமாகச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு மாணவருக்கும் அவர் பார்த்திராத ஒரு தாள்: வேலை ஒப்பந்தத்தின் ஒரு பக்கம், செய்தித்தாளின் ஒரு துண்டு, வாடகை அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கச் சீட்டு. அகராதி அனுமதிக்கப்பட்டது. கால் மணி நேரம் படித்த பின், வாசித்துக் காட்டி, எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தமிழில் விளங்கச் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். எதிரே அமர்ந்தவர்கள் ஆசிரியர்களல்லர். மாதவரம் லாரி நிலையத்திலும் மணலித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து, வளைகுடாவுக்குச் செல்லக் காத்திருக்கும் நம் மஹல்லாவாசிகள் நால்வர்.

முதல் சுற்றில் பாதிப்பேருக்கு மேல் தடுமாறினர். மூன்றாம் சுற்றில் நிலை சற்று மாறியது. எழுத்துத் தேர்வில் எப்போதும் பின்தங்கும் ஒரு மாணவர், ஒப்பந்தத்தில் இரு இடங்களில் சம்பளத் தொகை முரண்படுவதைக் கண்டு சொன்னார். நஹ்வில் முதலிடம் பெறுபவர் அதைக் கவனிக்கவில்லை. இவ்விருவரில் எவர் திறனுடையவர் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இருவரிடமும் இருப்பது வெவ்வேறு என்பதும், நம் தேர்வு இதுவரை ஒன்றை மட்டுமே கண்டதும் தெளிவாயின.

அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் சரிந்ததால் அடைவு விகிதமும் சரிந்தது. முந்தைய ஆண்டு 3 இருந்த கட்டத்தில் இவ்வாண்டு என்ன இடுவது என்று சக ஆசிரியர் ஒருவர் தயங்கினார். தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டு என்று நினைவூட்டவும் செய்தார். 1 என்று எழுதினோம். அதற்கடுத்த பத்தி ‘குறைவுக்கான காரணமும் எடுக்கும் நடவடிக்கையும்’ என்று கேட்டது. காரணம் என்ற இடத்தில், பார்த்திராத பத்தி முதன்முறையாகக் கொடுக்கப்பட்டது என்றும், நடவடிக்கை என்ற இடத்தில், அடுத்த பருவத்திலும் கொடுக்கப்படும் என்றும் எழுதி அனுப்பியிருக்கிறோம்.