அறையின் வெளிச்சம், வந்தவரின் வெளிச்சம்

தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி இயக்கத் தோழர்கள் வெளியிடும் அறிக்கைகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. 'ஜன்னல் கிடையாது, பகலிலேயே இருட்டு' என்கிறது எழுத்து. பக்கத்தில் அச்சாகியிருக்கும் படத்திலோ அறை பளிச்சென்று இருக்கிறது. அதிகாரி ஒருத்தர் படத்தின்மேல் விரலை வைத்து, "நல்லா வெளிச்சமாத்தானேய்யா இருக்கு?" என்று கேட்டுவிட்டால் நம்மிடம் பதில் இல்லை. நம் எழுத்துக்கு எதிராக நம் படமே சாட்சி சொல்கிறது. சாட்சியைக் கலைத்தது காமிராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளாஷ்.

இதை வெறும் 'டெக்னிக்கல்' சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டு, உள்ளடக்கம் பற்றி மட்டும் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் யாருடைய வெளிச்சத்தில் யார் பார்க்கப்படுகிறார் என்கிற அதிகாரப் பிரச்சினை அந்த டெக்னிக்குக்குள்தான் இருக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1955இல் 'சோசலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது ஆவடியில். 1961இல் அங்கே டாங்கித் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டுகளில் அம்பத்தூர் எஸ்டேட். இந்தப் பக்கத்து லைன் வீடுகளில் இன்று உள்ளூர்க்காரர்களோடு ஒடிசா, பீகார் ஆட்களும் ஷிப்டுக்கு ஏற்ப மாறிமாறித் தூங்குகிறார்கள். ராத்திரி ஷிப்டு முடித்தவர் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற அறையில் ஒரேயொரு டியூப்லைட். அந்த மங்கல் ஒரு தகவல். ஜன்னல் உண்டா, சுவர் எத்தனை வருஷமாகச் சுண்ணாம்பு காணாதது, எதில் மிச்சம்பிடித்து வீட்டுக்காரர் வாடகை பார்க்கிறார் எல்லாம் அதில் இருக்கிறது. நேராக முகத்தில் அடித்த ஃப்ளாஷில் இது அத்தனையும் அழிந்துபோகிறது. முதுகுக்குப் பின்னாலேயே சுவர் இருக்கிற சின்ன அறையில் சுவரும் சேர்ந்து வெளுக்கிறது. கூடவே ஒரு கன்னங்கரிய நிழல்.

இந்த அழிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் ஃப்ளாஷ் பவுடர் வந்தது. நியூயார்க்கில் போலீஸ் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த ஜேக்கப் ரீஸ், அதை எடுத்துக்கொண்டு ராத்திரிகளில் ஏழைகளின் நெரிசல் குடியிருப்புகளுக்குள் நுழைந்தார். பவுடரை முதலில் வெடித்தது கைத்துப்பாக்கி போன்ற கருவியில். ஜனங்கள் மிரண்டதால் வறுக்கிற சட்டிக்கு மாறினார். பார்வையற்றவர்கள் இருந்த ஓர் அறையில் சுவரே தீப்பிடித்தது. 1890இல் அவருடைய புத்தகம் வந்தது. 1901இல் நியூயார்க் கொண்டுவந்த குடியிருப்புச் சட்டம் கட்டாயமாக்கியது வெளிச்சத்தையும் காற்றையும்தான். ரீஸின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. இருந்தும், இருட்டை எதிர்த்த அந்தப் படங்கள் பலவற்றில் இருட்டையே காணோம். இருப்பவை திடுக்கிட்டு விழித்த முகங்கள். ரோந்துப் போலீசின் டார்ச்சும் இந்த வெளிச்சமும் ஒரே ஜாதி.

எதிர்முனையில் ஹென்றி கார்தியே-ப்ரெஸோன். ஃப்ளாஷே வேண்டாம், உள்ளபடியான வெளிச்சத்துக்கு மரியாதை கொடுங்கள் என்பது 1952இல் அவர் வைத்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தலைக்குமேல் ஒற்றை விளக்கு எரிகிற அறையில் கறுத்த முகத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும்: கண் இரண்டும் கரித்துண்டு. கோடாக் கம்பெனி கலர்ப் பிரிண்டுகளைச் சரிபார்க்கப் பல காலம் வைத்திருந்த 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். நம் தோலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இருட்டைக் காப்பாற்றப் போய் மனிதரைத் தொலைப்பதும் வன்முறைதான்.

ஆக, ஃப்ளாஷ் வேண்டும். அது அறைக்கு அடங்கவும் வேண்டும். பத்துக்குப் பத்து அறை, ஒரு டியூப்லைட், அழுக்குச் சுவர். ஐஎஸ்ஓ 100இல் அந்த வெளிச்சம் ஒழுங்காகப் பதிய எஃப் 2.8 துளையில் சுமார் கால் விநாடி ஆகும். ஃபிலிம் காலத்தின் கல்யாண போட்டோ வாய்ப்பாட்டில், 1/60 விநாடி, எஃப் 8 என்று வைத்தால், டியூப்லைட் பதிவது தேவையானதில் 128இல் ஒரு பங்கு. அணைத்துவிட்டதற்குச் சமம். ஃப்ளாஷ் மின்னி மறைந்துவிடுகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அறை வெளிச்சத்துக்கோ நேரம்தான் உயிர். எனவே ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 1/30 விநாடி: முதலில் அறைக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு ஃப்ளாஷைப் பக்கச் சுவரில் திருப்பி, முகத்தில் விழுவது அறை வெளிச்சத்தில் கால் பங்கு இருக்கும்படி குறைத்தால், கண்குழி மட்டும் திறக்கும். மஞ்சள் பல்ப் என்றால் ஃப்ளாஷின் மேல் ஒரு மஞ்சள் கண்ணாடித்தாள். 1/30இல் ஆள் அசைந்தால் படம் கலங்கும். அசையாதீர்கள் என்று கேட்க வேண்டும், கேட்பதற்கு முன் ஏன் எடுக்கிறோம் என்று பேச வேண்டும். திருட்டுத்தனமாக எடுக்க முடியாமல் போவது இந்த முறையின் லாபம்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னோடி இருக்கிறார். 1956இல் வந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டபோது, சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். செயற்கை வெளிச்சம் முற்றத்து வெளிச்சத்தின் பேச்சைக் கேட்டது. சுவர் பச்சையோ ரோஸோ அடித்திருந்து முகத்தில் அந்த நிறம் ஏறினால், நமக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும்.

இப்போது பலரும் எடுப்பது போனில். ஃப்ளாஷ் இல்லாமலேயே 'நைட் மோட்' பல படங்களை ஒன்றாக்கி இருட்டைத் தூக்கிவிடுகிறது; கேட்காமலே வெள்ளையடிக்கிறது. அங்கேயும் வெளிச்சத்தைக் கையால் இறக்க வேண்டும், அறையில் நின்ற கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அந்த அளவுக்கு. எரிகிற விளக்கும் படத்துக்குள் வரட்டும். படத்தின் கீழே பெயர், ஊர் போடுகிற இடத்தில் இன்னொரு வரியும் சேரட்டும்: பகல் 11 மணி, ஒரு டியூப்லைட், ஜன்னல் இல்லை.