வீட்டினுள் வன்முறை: கணக்கெடுப்பைக் குறித்து ஒரு திறனாய்வு

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) வெளிவந்தபோது கர்நாடக மாநிலத்தைப் பற்றிய ஓர் எண் பலரைத் திகைக்கவைத்தது. கணவனின் வன்முறைக்கு எப்போதேனும் ஆளானதாகக் கூறிய மணமான பெண்கள் நான்காம் சுற்றில் (2015–16) நூற்றுக்கு 21 பேர். இப்போது 44 பேர். சில ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்து ஆடவர் இருமடங்கு கொடியவராயினர் என்று கொள்ளலாகாது. கேட்டவிதமோ, கேட்டவரோ, விடையளித்த சூழ்நிலையோ மாறியிருக்கவேண்டும். அகில இந்திய எண் 31இலிருந்து 29ஆகக் குறைந்ததை முன்னேற்றமெனப் பாராட்டுவோர் இதனைச் சற்றே எண்ணிப்பார்ப்பது நலம்.

கேள்வி எப்படியோ விடையும் அப்படியே என்பதற்கு இவ்வாய்வின் வரலாறே சான்று. 1998–99இல் நடந்த இரண்டாம் சுற்று, 15 வயதுக்குப்பின் எவரேனும் அடித்ததோ உடலளவில் துன்புறுத்தியதோ உண்டா என்று பொதுப்பட வினவியது. மணமான பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆம் என்றனர். 2005–06இல் மூன்றாம் சுற்று, அமெரிக்கச் சமூகவியலறிஞர் மர்ரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட அளவுகோலைத் தழுவி, செயல்களைத் தனித்தனியே கேட்டது: தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, தலைமயிரைப் பிடித்திழுத்தாரா, குரல்வளையை நெரித்தாரா? கணவனைக் குறித்து மட்டுமே மூன்றில் ஒருவருக்குமேல் ஆம் என்றனர். அறைந்ததைத் தயங்காமல் சொல்லும் பெண், அதற்கே துன்புறுத்தல் என்று பெயரிட்டுக் கேட்டால் இல்லை என்கிறாள். அவள் பொய்யுரைக்கவில்லை, அப்பெயரை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அளவுகோலுக்கும் குறையுண்டு. ஸ்ட்ராஸின் பட்டியல் அடியை எண்ணுகிறது, அச்சத்தை எண்ணுவதில்லை. கணவனும் மனைவியும் ஏறத்தாழச் சமமாகவே அடித்துக்கொள்கின்றனர் என்ற விந்தையான முடிவு அதிலிருந்து பிறந்தது. டோபாஷ் தம்பதியரும் அவர்தம் உடனாய்வாளரும் 1992இல் இதனை வன்மையாக மறுத்தனர், மறுப்பு நியாயமானதே.

பாலியல் வன்முறையை அளப்பது இன்னும் கடினம். உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000 பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, 15 வயதுக்குமுன் நேர்ந்த பாலியல் கொடுமையை முதலில் நேரிலும், பின்னர் எழுத்தறியாதவரும் குறியிடத்தக்க பட அட்டை வழியாக மறைவிலும் கேட்டது. பெரும்பாலான இடங்களில், வாய் சொல்லாததை அட்டை சொல்லியது. நம் நாட்டிலோ, 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வலுக்கட்டாயமாகப் புணர்வது பாலியல் வன்புணர்வு அன்று என்ற விலக்கு, 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் நீடிக்கிறது. ஆகவே காவல்துறையின் வன்புணர்வுக் கணக்கில் அது ஏறாது. குடும்பநல ஆய்வு மட்டுமே அதைக் கேட்கிறது.

தம் சபையில் அப்படியொன்றும் இல்லை என்னும் போதகரும் ஒரு கணக்கைத்தான் தருகிறார். ஐந்தாம் சுற்றின்படி, வன்முறைக்குள்ளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் உதவி நாடவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. தனிமை கிட்டாவிடில் இக்கேள்விகளைக் கேட்கவே கூடாதென்பது அவ்வாய்வின் விதி. நாமோ வீட்டுச் சந்திப்பில், கணவனும் மாமியாரும் அருகே அமர்ந்திருக்கையில், சுகமாயிருக்கிறீர்களா அம்மா என்று கேட்டு, அவர் தலையசைத்ததும் ஜெபித்து எழுந்துவிடுகிறோம்.